இறுகிப்போன போல்ட்: எண்ணெயா, சூடா, தட்டுவதா, கன்ஸ்மித்தா? பழைய லீ-என்ஃபீல்டு வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப் நண்பர் ஒருவர் போன் செய்தார். யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனில் இருபது வருஷமாக இருக்கிறார், என்னைவிட இளையவர். "அண்ணை, ஏலத்தில எடுத்த அந்தத் துவக்கு இருக்கல்லோ, போல்ட் பாதி எழும்பி நிக்குது. மேல போகுதேயில்லை. ரப்பர் சுத்தியலால ரெண்டு தட்டுத் தட்டட்டோ?"

"தட்டாதீங்க தம்பி. முதல்ல அந்தச் சுத்தியலை வேற ரூம்ல கொண்டுபோய் வைங்க" என்றேன்.

அவர் எடுத்தது முதல் உலகப் போருக்கு முன் பர்மிங்காமில் பிஎஸ்ஏ கம்பெனி செய்த எஸ்எம்எல்இ மார்க் 3, லீ-என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ராணுவ ரைபிளின் குட்டை வடிவம். .303 தோட்டா, 25.2 அங்குல பேரல், பின்னால் போட்டிக்காக யாரோ பொருத்திய, சின்ன ஓட்டை வழியே குறி பார்க்கும் அப்பர்ச்சர் சைட். இங்கிலாந்தின் பிஸ்லி துப்பாக்கி சுடும் மைதானத்தில் தலைமுறை தலைமுறையாகக் குறி பார்த்துச் சுட்ட வகை. இந்த மாதிரி ரைபிள் ஏலத்திலோ, ஒரு பெரியவரின் அலமாரியிலிருந்தோ கைக்கு வரும்போது பெரும்பாலும் போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் கைப்பிடி வைத்த உருளை, ஒழுங்காக அசையாது. அப்புறம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எண்ணெய் ஊற்றிக் காத்திருக்கவா, சூடு காட்டவா, தட்டவா, இல்லை நேரே துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொண்டுபோகவா?

நாலுக்கும் இடம் உண்டு. ஆனால் தப்பான இடத்தில் தப்பான வழியை எடுத்தால் நூறு வருஷம் தாங்கிய ஒரு பொருள் ஒரு மத்தியானத்தில் கெட்டுப்போகும். அப்படிக் கெட்டுப்போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஒரு சின்னக் குறிப்பு. இதைப் பழம்பொருள் என்று நாம் சொல்லலாம், பிரிட்டிஷ் சட்டம் சொல்லாது. .303 இன்னும் சுடத்தக்க தோட்டா என்பதால் இதற்குத் துப்பாக்கிச் சான்றிதழ் வேண்டும். நீலகிரிப் பக்கம் லைசென்ஸோடு இஷாப்பூர் .315 வைத்திருக்கும் எஸ்டேட்காரர்களும் இதைப் படிக்கலாம். அதுவும் இதே லீ-என்ஃபீல்டு அமைப்புதான். கீழே சொல்லும் பெரும்பாலான விஷயம் அதற்கும் பொருந்தும், அளவுகள் மட்டும் .303-க்கு உரியவை.

## இறுகியிருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?

வழிகளை ஒப்பிடும் முன் இதைக் கேட்டே ஆக வேண்டும். "இறுகிப்போச்சு" என்று என்னிடம் வந்த லீ-என்ஃபீல்டுகளில் பல இறுகவே இல்லை. பூட்டியிருந்தன.

முதலில் சேஃப்டி. இடப்பக்கம் இருக்கும் சின்ன நெம்புகோல் பின்னால் இருந்தால் சேஃப்டி போட்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் அது டிரிகரை மட்டும் தடுப்பதில்லை, போல்ட் சுழல்வதையும் சேர்த்துத் தடுக்கும். பழைய பிசுக்கு ஏறிய துப்பாக்கியில் நெம்புகோல் முன்னால் போனதுபோலத் தெரியும், ஆனால் முழுதாகப் போயிருக்காது. இன்னொன்றும் உண்டு. அந்த நெம்புகோலும் அதன் பூட்டுத்தண்டும் பல தொடக்கம் கொண்ட மரையில் சேர்கின்றன. யாரோ கழற்றி ஒரு மரை தள்ளி மாட்டியிருந்தால் நெம்புகோல் "சுடு" என்று காட்டும், உள்ளே பூட்டு விழுந்தே கிடக்கும்.

இரண்டாவது, அரைக் காக். லீ-என்ஃபீல்டைப் புதிதாக வாங்கியவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். போல்ட்டின் பின்முனையில் விரலால் பிடித்து இழுக்கும் ஒரு துண்டு இருக்கிறதே, காக்கிங் பீஸ், அதற்கு இரண்டு நிறுத்தங்கள் உண்டு. முழுக் காக்கில் அது நன்றாகப் பின்னால் நிற்கும். சுட்ட பிறகு முழுதாக முன்னால் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் அரைக் காக். அப்போது டிரிகர் செத்தது போல அசையாது, போல்ட்டும் சுழலாது. வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு அது, பழுது அல்ல. துப்பாக்கியைப் பத்திரமான திசையில் நீட்டி, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலுமாகக் காக்கிங் பீஸைப் பிடித்து "டக்" என்று முழுக் காக்கில் விழும்வரை பின்னால் இழுத்தால் போதும். பழைய மார்க் 3-ல் அது வட்டமான, முள்முள்ளாக வெட்டிய பொத்தான். போர்க்காலத்தில் வந்ததில் இரு பக்கமும் தட்டையான துண்டு. ஸ்பிரிங் பலமானது, விரல் வழுக்கும். ஒரு துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சைட் பொருத்திய திருகு. போட்டி ரைபிள் என்பதால் பின்னால் யாராவது பிராக்கெட் மாட்டியிருப்பார்கள். அதன் திருகு கொஞ்சம் நீளமாகப் போனால் உள்ளே போல்ட்டில் முட்டும். அரைச் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள்.

இது மூன்றும் இல்லை என்றால், எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். காரணத்தைச் சொல்வது அந்த இடம்தான்.

கைப்பிடி கொஞ்சம்கூட எழும்பவில்லை என்றால் காய்ந்த எண்ணெயோ, பின்பக்கப் பூட்டுமுனைகளில் ஏறிய துருவோ காரணம். லீ-என்ஃபீல்டில் பூட்டுமுனைகள் பின்னால்தான் இருக்கின்றன. பாதி எழும்பி நின்றால் சேம்பரில் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழியில்) ஏதோ ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். கைப்பிடி எழும்பும் கடைசிக் கட்டத்தில்தான் போல்ட் கொஞ்சம் பின்வாங்கித் தோட்டாக்கூட்டைச் சேம்பரிலிருந்து பெயர்க்கும். கூடு பெயரவில்லை என்றால் கைப்பிடியும் அங்கேயே நிற்கும். முழுதாக எழும்பி, பின்னாலும் வந்து, ஆனால் வெளியே எடுக்க முடியவில்லை என்றால் அங்கே பழுதே இல்லை. போல்ட்டை முழுதாகப் பின்னால் இழுத்து, அதன் தலையை மேல்நோக்கித் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். இது தெரியாமல் இழுத்து இழுத்துத் தலையின் ஓரத்தைச் சிதைத்தவர்கள் உண்டு.

## உள்ளே தோட்டா இருந்தால்?

திறக்காத துப்பாக்கி ஒவ்வொன்றும் தோட்டா ஏற்றிய துப்பாக்கிதான். இதில் விதிவிலக்கு கிடையாது.

மேகசினை முதலில் கழற்றுங்கள். டிரிகர் வளையத்துக்குள் முன்பக்கம் இருக்கும் கொக்கியை மேலே அழுத்தினால் இறங்கிவிடும். அப்புறம் 6 மில்லிமீட்டர் மர டவல் (உருண்டையான நேர்க்குச்சி) ஒன்று. துப்பாக்கியைக் கிடைமட்டமாக வைத்து, பேரல் முனைக்கு நேராக முகமோ உள்ளங்கையோ வராமல் பக்கவாட்டில் நின்றுகொண்டு, டவலை விரல்நுனியால் மெல்ல உள்ளே தள்ளுங்கள். தட்டக் கூடாது, குத்தக் கூடாது. முனைக்குச் சமமாகப் பென்சிலால் கோடு போட்டு வெளியே எடுத்து அளந்து பாருங்கள்.

எஸ்எம்எல்இ-யில் முனையிலிருந்து போல்ட் முகம்வரை ஏறக்குறைய 64 சென்டிமீட்டர். முழு .303 தோட்டாவின் நீளம் 7.8 சென்டிமீட்டர். ஆகவே டவல் 56, 57-ல் நின்றால் உள்ளே குண்டோடு தோட்டா இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 63-க்கு மேல் போனால் குண்டு இல்லை. சேம்பர் காலி, அல்லது சுட்ட வெறுங்கூடு. இரண்டையும் இந்த அளவால் பிரித்தறிய முடியாது, வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். 30.2 அங்குல பேரல் உள்ள பழைய லாங் லீ என்றால் 64-க்குப் பதில் 76 அல்லது 77 என்று கணக்கிடுங்கள்.

குண்டு இருக்கிறது என்றோ, சந்தேகமாக இருக்கிறது என்றோ பட்டால் இந்தக் கட்டுரையின் மற்ற வழிகள் எதுவும் உங்களுக்கு இல்லை. சூடும் கூடாது, தட்டலும் கூடாது. எண்ணெய் ஊறினால் தோட்டா செத்துப்போகும் என்று நம்பவும் கூடாது. பதிவு பெற்ற துப்பாக்கி வணிகரிடம் போனில் நிலைமையைச் சொல்லி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது நாலு விஷயம்.

செய்ததைத் திருப்ப முடியுமா? எண்ணெயைத் துடைக்கலாம். தீயில் காட்டிய எஃகைப் பழையபடி ஆக்க முடியாது.

குறி கெடுமா? இது அலங்காரப் பொருள் அல்ல, போட்டி ரைபிள். பேரல் முனை, பேரலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையில் ரிசீவர் (போல்ட் ஓடும் எஃகு உடல்) அமர்ந்திருக்கும் விதம், இந்த இரண்டும்தான் இதன் உயிர்.

எண் பொருந்துமா? போல்ட் கைப்பிடியின் பின்பக்கத்தில் அடித்திருக்கும் எண்ணும் ரிசீவரின் எண்ணும் ஒன்றாக இருந்தால் அந்த ஜோடி தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று பொருத்தியது. போல்ட் போனால் இன்னொரு போல்ட் கிடைக்கும், ஆனால் அந்த ஜோடி திரும்பக் கிடைக்காது.

கடைசியாகச் செலவு. பணம், நாள், சட்டம் மூன்றும் சேர்த்து.

## எண்ணெயும் பொறுமையும்

நான் எப்போதும் முதலில் எடுப்பது இதைத்தான். பிரிட்டனில் பிளஸ்கேஸ், அமெரிக்காவில் க்ராயில் என்று ஊடுருவும் எண்ணெய்கள் கிடைக்கின்றன. வீட்டில் டபிள்யூ.டி.-40 இருந்தால் தொடங்குவதற்குப் பரவாயில்லை. ஆனால் அது 1953-ல் நீரை விலக்குவதற்காகப் பிறந்த சரக்கு, இறுகிய துருவுக்குள் புகுவதில் மற்றவை மேல்.

எண்ணெய் எதோடு சண்டை போடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. உள்ளே இருப்பது மூன்றில் ஒன்றாக இருக்கும். சாதாரண கனிம எண்ணெய் காய்ந்த பிசுக்கு என்றால் மண்ணெண்ணெயே கரைத்துவிடும். துரு என்றால் நாள் ஆகும். துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால்தான் இடுக்கு இறுகுகிறது. மூன்றாவது ஆளிவிதை எண்ணெய். பழைய ராணுவத்தாரும் போட்டிக்காரர்களும் கட்டைக்குப் பச்சை ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருந்தார்கள். அது வழிந்து ரிசீவருக்குள் போய்க் காற்றுப் பட்டு வார்னிஷாக மாறிவிடும். அதற்கு மண்ணெண்ணெய் எதுவும் செய்யாது. அசிட்டோன் மெல்ல இளக்கும், இதமான சூடும் இளக்கும்.

என் சொந்த ரைபிள் 1911-ல் செய்தது. வாங்கியபோது கைப்பிடி நகம் அகலம்கூட எழும்பவில்லை. ஊசி கழற்றிய சிரிஞ்சில் எண்ணெய் எடுத்து நாலு இடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன்: காக்கிங் பீஸைச் சுற்றி, போல்ட்டின் வலப்பக்கத்து நீண்ட விலா ரிசீவரில் முட்டும் இடத்தில், போல்ட்டின் தலையும் உடலும் சேரும் மூட்டில், அப்புறம் மேகசின் குழியிலிருந்து கீழ்ப்புறமாக. காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் வெறுங்கையால் கைப்பிடியை லேசாக மேலே, லேசாகக் கீழே. நாலு நாள் ஒன்றுமே நடக்கவில்லை. ஐந்தாம் நாள் விலாவின் ஓரத்தில் மிளகு அளவு ஒரு சொட்டு கசிந்து நின்றது. தேன்பாகு நிறம். விரலில் தொட்டு மோந்தால் கிரிக்கெட் மட்டைக்குத் தடவும் எண்ணெய் வாசம். ஆளிவிதைதான் என்று அப்போதுதான் உறுதியானது. அதன்பிறகு எண்ணெயை நிறுத்திவிட்டு, பஞ்சுக்குச்சியில் அசிட்டோன் தொட்டுக் கட்டையில் படாமல் ஓரங்களில் மட்டும் ஒற்றினேன். பதினோராம் நாள் இரவு கைப்பிடி எழும்பியது. சத்தம்கூட வரவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இருந்தது.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு கட்டையில் இருக்கிறது. எண்ணெய் வழிந்து ரிசீவர் அமரும் மரத்தில் ஊறினால் மரம் மென்மையாகும், சுடும் அதிர்வு அங்கேதான் மோதுகிறது, குறி அலையும். ஆகவே ஊற்றாதீர்கள், சொட்டு விடுங்கள். துப்பாக்கியை முனை கீழே இருக்கும்படிச் சாய்த்து வைத்து, வழிவதைத் துணியால் ஒற்றி எடுங்கள். சேம்பருக்குள் விட வேண்டியிருந்தால் மட்டும் முனையை மேலே வைத்து பேரல் வழியாக.

வினிகர், துரு கரைக்கும் திரவம் இவற்றை ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். துப்பாக்கியின் கருநீலப் பூச்சே ஒருவகை இரும்பு ஆக்சைடுதான். துருவைத் தின்பது அதையும் சேர்த்துத் தின்றுவிடும்.

"எல்லாத்தையும் கழட்டி மண்ணெண்ணெயில முக்கிட்டா என்ன?" என்று கேட்பார்கள். உலோகப் பாகத்துக்கு நல்லதுதான். ஆனால் லீ-என்ஃபீல்டில் கழற்றும் வரிசை மாறக் கூடாது. பின்கட்டையைப் பிடிக்கும் நீண்ட திருகின் முனை சதுரமானது, அது முன்கட்டையின் பின்முனையில் இருக்கும் தகட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். முன்கட்டையை எடுக்காமல் பின்கட்டைத் திருகைச் சுழற்றினால் முன்கட்டை பிளந்துவிடும். எப்போதும் முன்கட்டை முதலில். அதை எடுக்கும்போது பேரலுக்கு அடியில் சின்ன ஸ்பிரிங்குகள் குதித்து ஓடும், கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். இத்தனையும் சரியாகச் செய்தாலும், ராணுவத் துப்பாக்கிகளைப் பராமரித்த பழைய ஆர்மரர் ஒருவர் மணிக்கணக்கில் பொருத்திய அமர்வைக் கலைத்துவிட்டீர்கள் என்பது மட்டும் மாறாது. நன்றாகச் சுடும் ரைபிள் என்று தெரிந்தால் நான் கழற்ற மாட்டேன்.

## சூடு, குளிர்

ஆளிவிதைப் பிசினுக்கும் காய்ந்த கிரீஸுக்கும் சூடு நல்ல நண்பன். ஹேர் டிரையர் போதும். ரிசீவரைத் தொட்டால் கை பொறுக்கும் சூடு, அதற்கு மேல் வேண்டாம். பழைய போட்டிக்காரர்கள் .303 சுட்டு முடித்ததும் புனல் வைத்துப் பேரலில் கொதிநீர் ஊற்றுவார்கள். தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் அந்தக் காலத்துப் பிரைமர் விட்டுச்செல்லும் உப்பைக் கழுவ அதுதான் வழி. கொதிநீரின் சூட்டை எஃகு சாதாரணமாகத் தாங்கும்.

ஊதுவிளக்கு மட்டும் கிட்டவே வரக் கூடாது. போல்ட்டும் ரிசீவரும் பதம் ஏற்றிய எஃகு. 200 டிகிரி தாண்டினால் எஃகின் மேல் வைக்கோல் நிறம் ஓடும், 300-ஐ நெருங்கினால் நீலம். அந்த நிறம் தெரிவதற்குள் பதம் இறங்கத் தொடங்கியிருக்கும். பார்க்க ஒன்றும் தெரியாது. சுடும்போது முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும் பாகம் அது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சேம்பரில் ஒட்டியிருப்பது பித்தளைக் கூடு என்றால் சூடு எதிராகவே வேலை செய்யும். ஒரே சூட்டில் பித்தளை எஃகைவிட ஒன்றரை மடங்கு விரியும். சூடாக்கினால் கூடு இன்னும் இறுகும். அங்கே வேண்டியது குளிர். குளிர்ந்தால் பித்தளை அதிகம் சுருங்கும். வித்தியாசம் சில மைக்ரான்தான், ஆனால் எண்ணெய் நுழைய அது போதும். கைப்பிடி பாதியில் நிற்கும் ரைபிளுக்கு ஹேர் டிரையர் பிடிப்பவர்கள் இதை ஒரு முறை யோசிக்க வேண்டும்.

மறைந்த செலவு: சூட்டில் கட்டை காய்ந்து சுருங்கும். அப்புறம் அசிட்டோனும் சூடும் ஒரே நாளில் ஒரே அறையில் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

## தட்டுவது

தட்டுவதை முழுதாகத் தவறு என்று சொல்ல மாட்டேன். பத்து நாள் எண்ணெய் ஊறிய பிறகு, சேம்பர் காலி என்று உறுதியான பிறகு, கைப்பிடியின் கீழ் மரத்துண்டு வைத்துக் கொட்டாப்புளியால் லேசாகத் தட்டினால் அந்த அதிர்வே எண்ணெயை உள்ளே இழுக்கும். லீ-என்ஃபீல்டின் கைப்பிடி போல்ட் உடலோடு ஒன்றாக அடித்து உருவாக்கியது, எளிதில் ஒடியாது. ரெமிங்டன் 700 மாதிரிப் பற்றவைத்த கைப்பிடி உள்ள துப்பாக்கியில் இந்தத் தைரியமும் கூடாது.

கைப்பிடி தாங்கும் என்பதாலேயே ஆபத்தும் கூடுகிறது. தட்டிய விசை எங்காவது போயாக வேண்டும். சேம்பரில் கூடு ஒட்டியிருந்தால் அது கூட்டின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்குப் போகும். நகம் ஒடியும், அல்லது கூட்டின் விளிம்பு கிழியும். விளிம்பு கிழிந்த கூட்டைப் பிடிக்க அப்புறம் எதுவும் இல்லை.

முனை வழியாகக் கம்பி விட்டு அடிப்பது இதைவிட மோசம். உள்ளே இருப்பது சுடாமல் நின்றுபோன தோட்டா என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெறுங்கூடுதான் என்றாலும் கம்பி உரசி பேரல் முனையின் ஓரம் தேயும். துடைக்கும் கயிறு உரசி உரசியே எத்தனையோ .303 பேரல்களின் முனை கெட்டிருக்கிறது. குண்டு கடைசியாகத் தொட்டு விலகும் இடம் அது.

## கன்ஸ்மித்

செலவு அதிகம், காத்திருப்பும் அதிகம். நல்லவர்களிடம் வேலை வரிசையில் நிற்கும். ஆனாலும் மூன்று நிலைகளில் யோசிக்காமல் இங்கேதான் போக வேண்டும்: தோட்டா இருக்கிறது என்ற சந்தேகம், கைப்பிடி பாதியில் நிற்பது, மூன்று வாரம் எண்ணெய் விட்டும் அசையாதது. பேரல் முனையில் புஷ் (கம்பி உரசாமல் காக்கும் வளையம்) வைத்து, பேரலுக்குச் சரியாகப் பொருந்தும் பித்தளைக் கம்பியால் கூட்டைத் தள்ளும் கருவிகள் அவர்களிடம் உண்டு.

"நமக்குத் தெரிஞ்ச லேத் பட்டறைக்காரர் ஒருத்தர் இருக்காரே" என்று தோன்றும். கூடாது. பிரிட்டனில் போல்ட் தனியாகவே சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிப் பாகம், பதிவு பெற்றவரிடம்தான் கொடுக்க முடியும். இந்தியாவிலும் 1959 ஆயுதச் சட்டப்படித் துப்பாக்கி பழுதுபார்க்கத் தனி லைசென்ஸ் வேண்டும். பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இரண்டு பேருமே வழக்கில் மாட்டுவீர்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு, நல்ல எண்ணத்தில் செய்யப்படும் பாலிஷ். "புதுசு மாதிரி ஆக்கித் தரேன்" என்று பஃப் அடித்து, நீலம் ஏற்றி, முத்திரைகள் மழுங்கிய ரைபிளைத் திருப்பிக் கொடுத்த ஒரு கடையை எனக்குத் தெரியும். கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள்: போல்ட்டைத் திறக்க மட்டும், பாலிஷ் வேண்டாம், எண் முத்திரையை மாற்ற வேண்டாம், கழற்றிய பாகம் எல்லாம் திரும்ப வேண்டும். எண் முத்திரைகளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே விட்டுவிடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பேரல் உள்ளே அரித்துப்போய், இனிச் சுடப்போவதில்லை என்று முடிவானால் விடலாம். வெளிப்புறம் எண்ணெய் தடவி, ஈரம் இல்லாத இடத்தில் வைக்கலாம். ஆனால் அசையாத போல்ட் சான்றிதழ் கடமையை நீக்காது. உள்ளே இருக்கும் துருவும் நின்றுவிடாது.

## ஒரே பார்வையில்

| | எண்ணெய் | சூடு / குளிர் | தட்டுவது | கன்ஸ்மித் |
|---|---|---|---|---|
| எப்போது சரி | கைப்பிடி கொஞ்சமும் எழும்பாதபோது | சூடு: ஆளிவிதைப் பிசின், கிரீஸ். குளிர்: ஒட்டிய பித்தளைக் கூடு | எண்ணெய் ஊறி, சேம்பர் காலி என்று தெரிந்த பிறகு மட்டும் | தோட்டா சந்தேகம், பாதியில் நிற்பது, மூன்று வாரம் தோற்ற பிறகு |
| திருப்ப முடியுமா | முடியும் | கை பொறுக்கும் சூடுவரை முடியும் | முடியாது | ஆளைப் பொறுத்தது |
| குறிக்கு ஆபத்து | கட்டையில் ஊறினால் | கட்டை சுருங்கினால் | முனையில் கம்பி விட்டால் மிக அதிகம் | குறைவு |
| எண் ஜோடிக்கு ஆபத்து | இல்லை | தீயில் காட்டினால் | உண்டு | எழுதிக் கொடுக்காவிட்டால் |
| நாள் | ஒன்று முதல் மூன்று வாரம் | சில மணி நேரம் | சில நிமிடம் | வாரங்கள் |
| பணம் | ஒரு டப்பா எண்ணெய் | ஏறக்குறைய இல்லை | ஒன்றும் இல்லை, உடைந்தால் கணக்கில்லை | அதிகம் |

## வெளியே வந்த பிறகு

போல்ட் வந்துவிட்ட சந்தோஷத்தில் அந்த வாரமே ரேஞ்சுக்கு ஓடாதீர்கள். பூட்டுமுனைகளில் துரு தின்ற குழி இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். போல்ட்டின் தலை தனியாகக் கழலும் பாகம், யாராவது மாற்றியிருக்கலாம். ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, அளக்காமல் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது. .303-க்கு ராணுவ அளவு 0.064 அங்குலம் முதல் 0.074 அங்குலம் வரை. 0.064 கேஜ் (அளவுக்கட்டை) வைத்தால் போல்ட் மூட வேண்டும், 0.074 வைத்தால் மூடக் கூடாது.

தம்பியின் ரைபிளில் டவல் 63-க்கு மேல் போயிருந்தது. கைப்பிடி பாதியில் நின்றதால் நான் எண்ணெய்கூடப் போடச் சொல்லவில்லை, நேரே கன்ஸ்மித்திடம் அனுப்பினேன். மூன்றரை வாரம் கழித்து இருவருமாகப் போய் வாங்கி வந்தோம். ரைபிளோடு சின்னத் தபால் உறை ஒன்றில் வெளியே எடுத்த கூட்டையும் போட்டுக் கொடுத்திருந்தார். சுட்ட கூடு, உடலெல்லாம் பச்சைக் களிம்பு, அடியில் ராட்வே கிரீன் தோட்டாத் தொழிற்சாலையின் முத்திரை. விளிம்பில் எக்ஸ்ட்ராக்டர் நகம் பதிந்த இடத்தில் கால்வாசி ஏற்கெனவே கிழிந்திருந்தது. எப்போதோ ஒருவர் கடைசிக் குண்டைச் சுட்டு, போல்ட்டைத் திறக்காமலே அலமாரியில் வைத்திருக்கிறார். அப்புறம் இன்னொருவர் பலமாக இழுத்துப் பார்த்திருக்கிறார்.

தம்பி கூட்டை விரலிடுக்கில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு தட்டுத் தட்டியிருந்தா இந்த மிச்சமும் கிழிஞ்சிருக்கும் என்ன அண்ணை?" என்றார். கன்ஸ்மித் மேஜையிலேயே கேஜ் வைத்துக் காட்டினார். 0.064-ல் போல்ட் இதமாக மூடியது. 0.074-ல் கைப்பிடி நின்றுவிட்டது.